குழாய் நீரும் மீன் தொட்டியும்: வாசகர் கேள்விகள், பதில்கள்

வண்ணமீன் வளர்ப்பு குறித்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தண்ணீரைப் பற்றியவையாக இருந்ததால், மீன் இனங்கள், தாவரங்கள், நோய்கள் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, குழாய் நீரைத் தொட்டிக்கு ஏற்றதாக்குவது பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டுள்ளோம். ஒரே பொருளில் வந்த கடிதங்கள் ஒன்றாக்கிச் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: நாங்கள் குடிக்கும் அதே குழாய் நீரைத்தான் புதிய தொட்டியில் நிரப்பினோம். மாலையில் விட்ட ஆறு மீன்களில் நான்கு மறுநாள் காலைக்குள் இறந்துவிட்டன. நமக்குக் கெடுதல் செய்யாத தண்ணீர் மீனைக் கொல்லுமா?

பதில்: கொல்லும். குடிநீரில் கிருமிகள் வளராமல் இருப்பதற்காகச் சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரின் சேர்க்கப்படுகிறது. அது குழாய்களின் கடைசி முனை வரை கொஞ்சமாவது மிஞ்சி நிற்க வேண்டும் என்பதற்காக, வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை இருக்கும்படியோ, சில ஊர்களில் அதைவிடக் கூடுதலாகவோ விடப்படுகிறது. மனிதர் குடிக்கும் நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டும் அளவு. மீனுக்கோ 0.1 மில்லிகிராமுக்கும் குறைவான அளவே தீங்கு செய்யத் தொடங்கிவிடுகிறது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் செவுள். நாம் குடிக்கும் நீரில் உள்ள குளோரின் வாயிலும் வயிற்றிலும் உள்ள உணவுப் பொருள்களோடும் உமிழ்நீரோடும் வினைபுரிந்து அங்கேயே தீர்ந்துபோகிறது, இரத்தத்தை எட்டுவதில்லை. மீனின் செவுளிலோ இரத்தத்துக்கும் வெளி நீருக்கும் இடையில் மிக மெல்லிய தோலடுக்கு ஒன்றுதான் இருக்கிறது. ஆக்சிஜன் எளிதாக உள்ளே போவதற்காக அமைந்த அந்த மென்மையைக் குளோரின் நேரடியாக எரிக்கிறது. புண்பட்ட செவுள் தன்னைக் காத்துக்கொள்ள அளவுக்கு மீறிக் கோழையைச் சுரக்கிறது. அந்தக் கோழையே மூச்சை அடைக்கிறது. தண்ணீரில் ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போதே மீன் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதும், திடீரென்று விர்ரென்று பாய்ந்து கண்ணாடியில் மோதுவதும், செவுள் மூடி வழக்கத்தைவிட வேகமாக அடித்துக்கொள்வதும், உடம்பின் மேல் மெல்லிய வெண்படலம் படர்ந்தாற்போலத் தெரிவதும் இதன் அடையாளங்கள்.

தொட்டியில் மீன் இறந்தால், எதனால் இறந்தது என்று கேட்பதற்கு முன் எப்போது இறந்தது என்று கேளுங்கள். நீரில் விட்ட சில மணி நேரத்துக்குள் இறந்திருந்தால் குளோரின், வெப்பநிலை வேறுபாடு, கார அமிலத்தன்மையில் திடீர் மாற்றம் ஆகிய மூன்றில் ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். மூன்றாம் நாளுக்கு மேல் ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினால் குளோரினை விட்டுவிடுங்கள். அது வேறு கதை. அதைக் கீழே இன்னொரு வாசகரின் கேள்விக்குப் பதிலாகச் சொல்லியிருக்கிறோம். உங்களுடைய தொட்டியில் எஞ்சியிருக்கும் இரண்டு மீன்களுக்காக இப்போது செய்ய வேண்டியது, தொட்டியின் முழுக் கொள்ளளவுக்கும் கணக்கிட்டுக் குளோரின் நீக்கியைச் சேர்ப்பதும், காற்றுக் கருவியை முழு வேகத்தில் ஓடவிடுவதும், ஒரு நாள் உணவு போடாமல் இருப்பதும்தான்.

கேள்வி: தண்ணீரை வாளியில் பிடித்து 24 மணி நேரம் வைத்திருந்தால் போதும் என்கிறார் ஒரு நண்பர். இன்னொருவரோ அது பழைய காலத்து முறை, இப்போது பலிக்காது என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: அவரவர் வீட்டுக் குழாயைப் பொறுத்து இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். குடிநீர் வழங்குவோர் தண்ணீரில் விடுவது வெறும் குளோரினாக இருந்தால், அது கரைந்திருக்கும் வாயு என்பதால் மெல்ல மெல்ல வெளியேறிவிடும். வாய் அகன்ற பாத்திரத்தில், மூடாமல், காற்றுக் கல்லைப் போட்டுக் குமிழ விட்டால் ஒரு நாளில் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. வெயில் பட்டால் இன்னும் விரைவு, ஏனென்றால் புற ஊதாக் கதிர்கள் குளோரினைச் சிதைக்கும். கழுத்துக் குறுகிய கேனில் மூடி போட்டு ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு, தண்ணீர் பழகிவிட்டது என்று நினைப்பது தவறு. வாயு வெளியேற வழியில்லாத இடத்தில் நாள்கணக்குக்குப் பொருளில்லை.

ஆனால் பல ஊர்களில் குளோரினோடு சிறிதளவு அம்மோனியாவையும் கலந்து குளோரமைனாக மாற்றி அனுப்புகிறார்கள். நீண்ட குழாய்வழியில் அது நிலைத்து நிற்கும் என்பதே அதற்குக் காரணம். அந்த நிலைத்தன்மைதான் மீன் வளர்ப்பவருக்குச் சிக்கல். வாளியில் ஒரு நாள் அல்ல, பல நாள் வைத்திருந்தாலும் குளோரமைன் போகாது. மணத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். மூக்கு பழகிவிடும், மீனுக்குப் போதுமான நஞ்சு நமக்கு மணமே இல்லாத அளவில் இருக்கலாம்.

கண்டுபிடிக்க எளிய வழி குளோரின் சோதனைப் பெட்டி. வாங்கும்போது அது மொத்தக் குளோரினை அளக்கிறதா, தனிக் குளோரினை மட்டும் அளக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்; நமக்கு மொத்தக் குளோரின் வேண்டும், ஏனென்றால் அதில்தான் குளோரமைனும் அடங்கும். குழாயிலிருந்து அப்போதே பிடித்த நீரைச் சிறு குப்பியில் கோடு வரை ஊற்றி, சோதனை மருந்தைச் சேர்த்துக் குலுக்கி, வெள்ளைத் தாளுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இளஞ்சிவப்பாக மாறும் வகையும் உண்டு, மஞ்சளாக மாறும் வகையும் உண்டு. நிறத்தின் அழுத்தத்தை அட்டையோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதே நீரை இரண்டு நாள் காற்றுக் கல் போட்டு வைத்துவிட்டு மறுபடியும் சோதியுங்கள். நிறமே தோன்றாவிட்டால் உங்கள் குழாயில் வருவது குளோரின். வாளி முறை உங்களுக்குப் போதும். நிறம் இன்னும் நன்றாகத் தெரிந்தால் குளோரமைன். வாளியை நம்பாமல் மருந்தைத்தான் நம்ப வேண்டும்.

ஒரு முறை சோதித்துவிட்டு எப்போதைக்கும் அப்படியே இருக்கும் என்று இருந்துவிடக் கூடாது. வெள்ளக் காலத்திலும், குழாய் உடைந்து பழுது பார்த்த பிறகும் குளோரின் அளவைக் கூட்டுவது வழக்கம். ஆண்டு முழுவதும் சிக்கலில்லாமல் நீர் மாற்றி வந்தவர் மழைக்காலத்தில் ஒரே நாளில் எல்லா மீன்களையும் இழப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கேள்வி: ஹைப்போ படிகங்களைத் தண்ணீரில் எவ்வளவு போட வேண்டும்? கடையில் "ஒரு சிட்டிகை" என்கிறார்கள். கூடிவிட்டால் மீனுக்கு ஆகாதா?

பதில்: ஹைப்போ என்பது சோடியம் தயோசல்பேட். முன்பு புகைப்படச்சுருள் கழுவுவோர் பயன்படுத்திய அதே உப்பு. பல குளோரின் நீக்கி மருந்துகளில் இருப்பதும் பெரும்பாலும் இதுவே. ஒரு மில்லிகிராம் குளோரினை நீக்க ஏறத்தாழ 7 மில்லிகிராம் படிகம் வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டால் தவறு வராது.

சிட்டிகை என்பது ஆளுக்கு ஆள் மாறும் அளவு. கரைசலாகச் செய்து வைத்துக்கொள்வதே நல்லது. 10 கிராம் படிகத்தை எடைபோட்டு ஒரு லிட்டர் சுத்தமான நீரில் கரைத்தால், அதன் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 10 மில்லிகிராம் இருக்கும். உங்கள் குழாய் நீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் இருப்பதாகக் கொள்வோம். 10 லிட்டர் வாளியில் 20 மில்லிகிராம் குளோரின். அதை நீக்க 140 மில்லிகிராம் ஹைப்போ. அதாவது 14 மில்லிலிட்டர் கரைசல். ஊசி இல்லாத மருந்துக் குழல் ஒன்று இருந்தால் அளப்பது எளிது. கரைசலை ஒளிபுகாத புட்டியில் மூடி வைக்க வேண்டும். நாளாக ஆக அது வலுவிழக்கும் என்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாகச் செய்துகொள்ளுங்கள். ஓரளவு கூடிப்போவதால் மீனுக்குத் தீங்கில்லை, குறைந்துபோவதுதான் ஆபத்து. சந்தேகம் வந்தால் சேர்த்துக் கலக்கிச் சில நிமிடம் கழித்துக் குளோரின் சோதனை செய்து பாருங்கள், நிறம் வரக் கூடாது.

குளோரமைன் உள்ள நீரில் ஹைப்போ பாதி வேலையைத்தான் செய்யும். குளோரினைப் பிடித்துக்கொள்ளும், அதோடு ஒட்டியிருந்த அம்மோனியாவை நீரில் விட்டுவிடும். லிட்டருக்கு 3 மில்லிகிராம் குளோரமைன் உள்ள நீரில் இப்படி 0.7 மில்லிகிராம் அளவுக்கு அம்மோனியா வெளிப்படும். நன்றாகப் பழகிய தொட்டியில், கால் பங்கு நீரை மட்டும் மாற்றும்போது, வடிகட்டியில் உள்ள பாக்டீரியாக்கள் இதைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். புதிய தொட்டியை முழுவதும் அந்த நீரால் நிரப்பினால் தின்பதற்கு ஆளில்லை. அத்தகைய ஊர்களில் இருப்போர், அம்மோனியாவையும் கட்டிப்போடும் என்று புட்டியின் மேல் தெளிவாக எழுதியுள்ள மருந்தையே வாங்க வேண்டும்.

மருந்தை வாளியில் சேர்த்தால் வாளியின் அளவுக்குக் கணக்கிட்டால் போதும். குழாய் நீரை நேரே தொட்டியில் விடும் வழக்கமுள்ளவர்கள் முழுத் தொட்டியின் அளவுக்கும் கணக்கிட்டு, தண்ணீரைத் திறப்பதற்கு முன்பே சேர்த்துவிட வேண்டும். தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் வரும். 60 நீளம், 30 அகலம், 30 உயரமுள்ள தொட்டி 54 லிட்டர். மணலும் கல்லும் போட்டு, மேலே கொஞ்சம் இடம் விட்டால், உள்ளபடி நிற்கும் நீர் ஏறத்தாழ 45 லிட்டர்தான்.

கேள்வி: தண்ணீரை இரண்டு நாள் வைத்திருந்து, குளோரின் நீக்கும் மருந்தும் சேர்த்து, வெப்பநிலையையும் சரிபார்த்தே மீன் விட்டேன். நான்கு நாள் நன்றாக நீந்தின. ஐந்தாம் நாளிலிருந்து தினமும் ஒன்று இறக்கிறது. தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கிறது. எங்கே தவறு?

பதில்: மேலே நாம் ஒதுக்கி வைத்த வேறு கதை இதுதான். உங்கள் குழாய் நீரில் குறையில்லை; அதைத் தயாரித்ததிலும் குறையில்லை. மீன் விட்ட பிறகு தொட்டியே உண்டாக்கிய நஞ்சு அது.

மீன் தன் செவுள் வழியாக இரவும் பகலும் அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. மிஞ்சிய தீனி அழுகுவதிலிருந்தும் அது வருகிறது. பழகிய தொட்டியில் ஒரு வகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். முதலிரண்டும் கொடிய நஞ்சு; மூன்றாவது அளவோடு இருந்தால் தாங்கக்கூடியது. இந்தப் பாக்டீரியாக்கள் நீரில் மிதந்து திரிவதைவிட வடிகட்டியின் பஞ்சிலும் மணலிலும் ஒட்டி வாழ்பவை, மிக மெதுவாகப் பெருகுபவை. புதிய தொட்டியில் அவை போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நைட்ரைட் மீனின் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினைக் கெடுத்து ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி செய்கிறது. அப்போது இரத்தமும் செவுளும் பழுப்பேறும். அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறமில்லை. தண்ணீரின் தெளிவு எதற்கும் சான்றாகாது.

ஆகவே தண்ணீரைத் தயாரிப்பது என்பதில் குளோரினை நீக்குவது முதல் நாள் வேலை மட்டுமே. அடுத்த ஐந்து வார வேலையை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கடைக்காரர் தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் விற்றுவிட விரும்புவது இயல்பு, அவரை நொந்துகொள்வதில் பயனில்லை. புதிதாகத் தொடங்குவோர் மீன் இல்லாமலே தொட்டியைப் பழக்குவதுதான் முறை: குளோரின் நீக்கிய நீரில், மணமும் சோப்பும் சேராத அம்மோனியாக் கரைசலை லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும்படி சேர்த்து, வடிகட்டியை நிறுத்தாமல் ஓடவிட்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சோதித்து, அம்மோனியா குறையக் குறைய மறுபடியும் ஊட்டிக்கொண்டே வர வேண்டும். முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கும். சேர்த்த 2 மில்லிகிராமும் 24 மணி நேரத்தில் காணாமற்போய், நைட்ரைட்டும் இல்லை என்று சோதனை காட்டினால், நைட்ரேட்டைக் குறைக்க ஒரு பெரிய நீர் மாற்றம் செய்துவிட்டு மீன்களைச் சில சிலவாக விடலாம். நலமாக இருக்கும் வேறொரு தொட்டியிலிருந்து, ஓடிக்கொண்டிருந்த வடிகட்டியின் அழுக்குப் பஞ்சில் ஒரு துண்டை ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் வடிகட்டிக்குள் வைத்தால் காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறையும். பழைய தொட்டியின் நீரைக் கொண்டுவந்து ஊற்றுவதால் அந்தப் பலன் கிடைக்காது.

உங்களிடம் மீன்கள் ஏற்கெனவே இருப்பதால் வழி வேறு. இரண்டு நாளுக்கு ஒருமுறை சிறிதளவே தீனி போடுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் லிட்டருக்கு அரை மில்லிகிராமைத் தாண்டாமல் இருக்க, தினமும் கால் பங்கு நீரைக் குளோரின் நீக்கி மாற்றுங்கள். அம்மோனியாவைக் கட்டிப்போடும் மருந்தைச் சேர்த்த பிறகும் சோதனையில் அம்மோனியா இருப்பதாகவே காட்டலாம். கட்டுண்ட அம்மோனியாவையும் பெரும்பாலான சோதனைப் பெட்டிகள் சேர்த்தே அளக்கும். அதைக் கண்டு பதறி மேலும் மேலும் மருந்து ஊற்ற வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இறந்த மீனுக்குப் பதிலாகப் புது மீன் வாங்கி விடாதீர்கள்.

கேள்வி: உப்பு, படிகாரம், நீல மருந்து ஆகியவை தண்ணீரைச் சுத்தமாக்கும் என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்றைச் சொல்கிறார்கள். எதைப் போடலாம்?

பதில்: இம்மூன்றில் எதுவும் குளோரினை நீக்காது. நீல மருந்து எனப்படும் மெத்திலீன் புளூ நோய்க்கானது. தொட்டியில் வளர வேண்டிய நல்ல பாக்டீரியாக்களையும் அது கெடுக்கும். படிகாரம் கலங்கலைப் படியவைக்கும், ஆனால் அமிலத்தை எதிர்த்து நிற்க உதவும் நீரின் கார இருப்பைக் குறைத்து அமிலத்தன்மையைக் கூட்டும், தொட்டிக்கு வேண்டாம். உப்புக்கு மட்டும் ஒரு நியாயமான பயன் உண்டு. நைட்ரைட் ஏறியிருக்கும் நாள்களில் அயோடின் சேராத உப்பை 10 லிட்டருக்கு ஒரு கிராம் அளவில் சேர்த்தால், அதிலுள்ள குளோரைடு நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே நுழைவதைத் தடுக்கும்.

கேள்வி: ஆறு மாதமாக நீரை மாற்றவே இல்லை, குறைந்த நீரை மட்டும் நிரப்பி வந்தோம். மீன்கள் நன்றாகவே இருந்தன. விருந்தினர் வருகிறார்கள் என்று தொட்டியைக் கழுவி, வடிகட்டியையும் குழாயடியில் பளிச்சென்று அலசி, முழுவதும் புது நீர் நிரப்பினோம். குளோரின் நீக்கும் மருந்தும் சேர்த்தோம். மறுநாள் பாதி மீன்கள் இல்லை. அழுக்கு நீரில் வாழ்ந்தவை சுத்தமான நீரில் ஏன் இறந்தன?

பதில்: நீண்ட காலம் மாற்றாத நீரில் நிகழ்வதைப் பார்த்தால் இது புரியும். அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் தம் வேலைக்கு நீரில் உள்ள கார்பனேட்டையும் செலவிடுகின்றன; ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் கார இருப்பு கரைகிறது. புதிய நீர் வராததால் அந்த இருப்பு தீர்ந்து, நீரின் கார அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 8-லிருந்து மெல்ல மெல்ல 6-க்கும் கீழே இறங்கிவிடும். அதே நேரத்தில், ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், அதிலிருந்த உப்புகள் அல்ல. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் உப்புகள் சேர்ந்துகொண்டே போகும். மீன்கள் இந்த மாற்றத்துக்கு நாள்தோறும் சிறிது சிறிதாகப் பழகிவிடுவதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. அந்த நீரில் முதல்முறையாக விடப்படும் புது மீன் உடனே சுருண்டுவிடும். அப்போதும் மீனைத்தான் குறை சொல்வோம்.

பழகிய மீன்களை ஒரே மணி நேரத்தில் முற்றிலும் வேறான நீரில் போட்டது முதல் அடி. வடிகட்டியைக் குளோரின் நீரில் அலசிப் பாக்டீரியாக்களைக் கொன்றது இரண்டாவது. மூன்றாவது, அதிகம் பேசப்படாதது: பி.எச். 6-ல் இருக்கும்போது நீரிலுள்ள அம்மோனியாவில் நஞ்சான வடிவம் ஒரு விழுக்காட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எஞ்சியது தீங்கு குறைந்த அம்மோனியமாக இருக்கும். பி.எச். 8 ஆகிவிட்டால் நஞ்சான பங்கு 5 விழுக்காட்டைத் தாண்டிவிடும். ஏறத்தாழ நூறு மடங்கு. முழுவதும் மாற்றிவிட்டதால் பழைய அம்மோனியா உங்கள் தொட்டியில் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் கடந்த ஆறு மாதமாக எந்த அளவு தீனியும் கழிவும் இருந்தனவோ அதே அளவு அம்மோனியா, இப்போது அதைத் தின்ன ஆளில்லாத, பி.எச். கூடிய நீரில் சேரத் தொடங்கியிருக்கிறது. பாதி நீரை மட்டும் மாற்றியவர்களுக்கோ பழைய அம்மோனியாவே நஞ்சாக மாறித் தாக்கும்.

இனி எஞ்சிய மீன்களுக்கு, முந்தைய கேள்வியில் சொன்னபடி புதிய தொட்டிக்குரிய கவனம் வேண்டும். வாரந்தோறும் 20 முதல் 25 விழுக்காடு நீரை மாற்றி வந்தால் இந்த நிலை வராது. வடிகட்டிப் பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே, வாளியில் இரண்டு மூன்று முறை பிழிந்தெடுத்தால் போதும். பஞ்சு வெள்ளையாக வேண்டிய அவசியமில்லை. நீண்ட நாள் கவனிக்காத தொட்டி கைக்கு வந்தால் முதல் இரண்டு மூன்று வாரம், ஒன்றுவிட்டு ஒருநாள் பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றி மெல்லச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர். குளோரின் இல்லை என்பதால் அப்படியே பயன்படுத்தலாமா, அல்லது ஆர்.ஓ. இயந்திரத்து நீர் மேலானதா?

பதில்: குளோரின் இல்லை என்பது உண்மை, ஆனால் நிலத்தடி நீர் வெளியே வரும்போது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைந்தும், கரியமில வாயு மிகுந்தும், சில இடங்களில் இரும்பு கலந்தும் இருக்கும். பிடித்த உடனே தெளிவாகத் தெரியும் நீர் சில மணி நேரத்தில் பழுப்பாகிப் பாத்திரத்தின் அடியில் துருப்போலப் படிந்தால் அதில் இரும்பு உண்டு. ஒரு நாள் காற்றுக் கல் போட்டு வைத்து, படிந்ததை விட்டுவிட்டு மேல் நீரை எடுத்துக்கொள்ள வேண்டும். பி.எச். அளவையும் அந்த ஒரு நாளுக்குப் பிறகே சோதியுங்கள். கரியமில வாயு வெளியேறியதும் அது கூடிவிடும், பிடித்த நொடியில் பார்க்கும் எண் ஏமாற்றும். நைட்ரேட்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கடினத்தன்மை மிகுந்த நீரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கப்பி, மோலி, பிளாட்டி போன்றவை கடின நீரில்தான் செழிக்கும். நியான் டெட்ரா போன்றவற்றின் தாயகம் மென்னீர் ஓடைகள். தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுப்பது, மீனுக்காகத் தண்ணீரை ஓயாமல் திருத்துவதைவிட எளிது, மலிவு, மீனுக்கும் நல்லது. பி.எச். குறைக்கும் மருந்துகளைக் கடின நீரில் ஊற்றினால் கார்பனேட் இருப்பு அதை எதிர்த்து மறுநாளே பழைய நிலைக்குத் தள்ளிவிடும். இந்த ஏற்ற இறக்கம், எண் சற்றுக் கூடுதலாக நிலைத்திருப்பதைவிட மீனை அதிகம் வருத்தும்.

ஆர்.ஓ. நீரில் ஏறத்தாழ எந்தத் தாதுவும் இல்லை. தனியாக அதை மட்டும் நிரப்பினால் கார்பனேட் இருப்பு இல்லாமல் பி.எச். எந்த நாளும் சரியக்கூடும். மீனின் உடலும் உப்புச் சமநிலைக்குப் போராட வேண்டியிருக்கும். மழைநீருக்கும் இதே குறை உண்டு. குழாய் நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்றால் பாதிக்குப் பாதி ஆர்.ஓ. நீர் கலந்தால் 150 ஆகும். ஒவ்வொரு முறையும் ஒரே விகிதத்தில் கலக்க வேண்டும். ஆவியான நீரை ஈடுசெய்ய ஆர்.ஓ. நீரை மட்டும் விடலாம், ஏனென்றால் உப்புகள் தொட்டியிலேயே இருக்கின்றன. உப்பைப் பயன்படுத்திக் கால்சியத்துக்குப் பதில் சோடியத்தை மாற்றி வைக்கும் மென்னீராக்கிக் கருவி வீட்டில் இருந்தால், அதற்கு முந்திய குழாயிலிருந்து நீர் பிடியுங்கள். டி.டி.எஸ். கருவி காட்டும் எண்ணை வைத்துத் தண்ணீர் நல்லதா என்று முடிவு செய்வோர் பலர். அது கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைத்தான் காட்டும். மீனைக் கொல்லப் போதுமான குளோரினையோ அம்மோனியாவையோ தனியே பிரித்துச் சொல்ல அதனால் இயலாது.

கேள்வி: நீர் மாற்றியதும் கண்ணாடியிலும் செடிகளிலும், சில மீன்களின் மேலும் கூடச் சிறு சிறு குமிழ்கள் ஒட்டிக்கொள்கின்றன. இது ஆக்சிஜன்தானே, நல்லதுதானே?

பதில்: நல்லதல்ல. அழுத்தத்தோடு குழாயில் வரும் குளிர்ந்த நீரில் வாயுக்கள் கூடுதலாகக் கரைந்திருக்கும். வெளியே வந்து, அறையின் வெப்பத்துக்கு ஏறியதும் அவ்வளவையும் தாங்க முடியாமல் நீர் அவற்றைக் குமிழாக வெளியிடுகிறது. கண்ணாடியில் நடப்பதே மீனின் செவுளுக்குள்ளும் இரத்தக் குழாய்களுக்குள்ளும் நடந்தால் அதுவே குமிழ் நோய். துடுப்பின் மெல்லிய தோலை விளக்கொளிக்கு எதிரே கவனித்தால், நரம்புகளுக்கு இடையில் ஊசிமுனை அளவில் பளபளக்கும் புள்ளிகள் தெரியலாம். முற்றினால் கண் பிதுங்கும். புது நீரை வாளியில் சில மணி நேரம் காற்றுக் கல் போட்டோ, உயரத்திலிருந்து சிதறும்படி ஊற்றியோ அமைதிப்படுத்திய பிறகு தொட்டியில் சேர்த்தால் இது வராது. வாளியும் தொட்டியும் ஒரே அறையில் இருந்தால் வெப்பநிலையும் தானாகவே நெருங்கிவிடும். வேறுபாடு ஒன்றிரண்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

கோடையில் நேர்மாறான சிக்கல். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் 7.6 ஆகக் குறைந்துவிடும். மீனின் தேவையோ வெப்பத்தோடு கூடும். வெயிலில் நின்ற மேல்நிலைத் தொட்டியின் நீரை நண்பகலில் பிடித்து ஊற்ற வேண்டாம்.

கேள்வி: கொதிக்க வைத்து ஆறிய நீர் பாதுகாப்பானதா? செம்புப் பாத்திரத்தில் வைத்திருந்த நீரை விடலாமா?

பதில்: நன்றாகக் கொதித்தால் குளோரின் போய்விடும், ஆனால் ஆக்சிஜனும் சேர்ந்தே போய்விடும், ஆறியதும் காற்றுக் கல் போட்டு மீட்க வேண்டும். 45 லிட்டர் தொட்டிக்கு இவ்வளவு எரிபொருளும் உழைப்பும் வீண். செம்பும் பித்தளையும் வேண்டவே வேண்டாம்: கரைந்து வரும் தாமிரம் மிகச் சிறிய அளவிலும் இறாலையும் நத்தையையும் கொல்லும், மீனையும் வருத்தும். சுடுநீர்க் குழாய் தாமிரத்தால் ஆனதாக இருந்தால் அந்த நீரும் ஆகாது. வேறு குழாய் இல்லையென்றால், இரவு முழுவதும் குழாயில் தேங்கியதைக் காலையில் ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிட்ட பிறகே பிடியுங்கள். உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக்கில் ஒரு புது வாளி வாங்கி, தொட்டி வேலைக்கென்றே ஒதுக்கி, அதில் சோப்போ சலவைத் தூளோ ஒருபோதும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.